மரத்தடி நிழலும் காரின் மேற்பூச்சும்

மும்பையில் கார் வாங்குவது எளிது. அதை நிறுத்த இடம் தேடுவதே அரிது. மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் சுற்றுத் தெருக்களிலும் செம்பூரின் பழைய குடியிருப்புகளிலும் அந்த இடம் பெரும்பாலும் ஒரு மரத்தடியாகவே அமைகிறது. நிழல் கிடைத்த மகிழ்ச்சி மறுநாள் காலை காரின் மீது கை வைத்ததும் குறைந்துவிடும். கூரை முழுவதும் பிசுபிசுப்பான நுண்துளிகள் படிந்திருக்கும்.

மரத்திலிருந்து சொட்டுவதெல்லாம் பிசின் அன்று. மும்பைச் சாலையோரங்களில் மிகுதியாகக் காணப்படும் தூங்குமூஞ்சி மரங்களை மாவுப்பூச்சி தாக்குவதுண்டு. இப்பூச்சியால் பல மரங்கள் பட்டுப்போன செய்தி கடந்த ஆண்டுகளில் நாளேடுகளில் அடிக்கடி இடம்பெற்றது. மரத்தின் சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி வெளியேற்றும் இனிப்பு நீரே காரின் மீது விழுகிறது. அது சர்க்கரைக் கரைசல் போன்றது, தண்ணீரில் கரையும். கழுவாமல் விட்டால் அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, புகைக்கரி பூசியது போலாகிவிடும். வெதுவெதுப்பான நீரும் கார் ஷாம்புவும் இதற்குப் போதும்.

உண்மையான பிசினும் மரப்பாலும் வேறு வகை. பலாப்பழம் அரியும்முன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நம் வீடுகளில் அனைவரும் அறிந்ததே. நீருக்கு மசியாத பால் எண்ணெய்க்கு இளகும். அந்தச் சமையலறை அறிவு காருக்கும் உதவும். பலா, மா மரங்களின் புதிய கறைமீது சிறிது எண்ணெய் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிட்டால் பெரும்பாலும் இளகிவிடும். பிறகு ஷாம்பு நீரால் எண்ணெய்ப் பசையைக் கழுவ வேண்டும்.

வெயிலில் பல நாள் காய்ந்து கண்ணாடிபோல் இறுகிய துளிக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஏற்றது. முதலில் காரைக் கழுவித் தூசியை நீக்குங்கள். வண்டி நிழலில், சூடு தணிந்து இருக்க வேண்டும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியை நனைத்துக் கறையின்மீது ஒரு நிமிடம் வைத்திருங்கள், தேய்க்க வேண்டாம். இளகியதை ஒற்றி எடுங்கள். முழுவதும் போகாவிட்டால் மீண்டும் அதையே செய்யுங்கள். பின்னர் கழுவி, அவ்விடத்தில் மெழுகு பூசிவிடுங்கள். அண்மையில் மறுவண்ணம் பூசிய பகுதியாயின், கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது. நகப்பூச்சு நீக்கியைத் தொடவே வேண்டாம். அதிலுள்ள அசிட்டோன் வண்ணத்தையே கரைத்துவிடும்.

இத்தனை பொறுமை எதற்கு என்று தோன்றலாம். வண்ணத்தின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சின் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பிளேடு கொண்டு ஒருமுறை சுரண்டினால் பிசினோடு அதுவும் போய்விடும். பிசின் கறையை நீக்கலாம். கீறலுக்கோ மறுவண்ணமே வழி. பறவை எச்சத்துக்கும் இதுவே பொருந்தும்: ஈரத்துணியால் மூடிப் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுக்க வேண்டும். இருப்புப்பாதையோரம் நிறுத்தும் வண்டிகளில் இரும்புத் துகள்கள் பதிந்து செம்புள்ளிகளாகத் துருவேறும். அவற்றை எடுக்கக் கார்ப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் ‘கிளே பார்’ எனும் பிசைவுக் கட்டி உதவும்.

மும்பையில் பலரது காரை விடியுமுன் துடைப்பவர் வேறொருவர். ஒரே வாளி, ஒரே துணியுடன் பத்து வண்டிகளைத் துடைக்க வேண்டிய அவரைக் குறை கூறிப் பயனில்லை. உங்கள் வண்டிக்கென இரண்டு மென்துணிகளை அவரிடம் கொடுத்து, காய்ந்த பிசினைத் தேய்க்காமல் உங்களிடம் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

காப்பீடு இருக்கிறதே என எண்ணுவோருக்கு ஒரு சொல். நாளடைவில் ஏற்படும் தேய்மானத்தை வாகனக் காப்பீடு ஏற்பதில்லை. சிறு கீறல்களுக்கு இழப்பீடு கோரும்முன்னும் கணக்குப் பாருங்கள். இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்து ஆண்டுகளில் 50 விழுக்காடு வரை உயரும் ‘நோ கிளெய்ம் போனஸ்’, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. ஒரு கதவுக்கு வண்ணம் பூச இழப்பீடு பெற்றால், அடுத்த புதுப்பித்தலில் அத்தள்ளுபடி பொதுவாகப் போய்விடும்.

குடியிருப்புக் கூட்டங்களில் மரத்தையே வெட்டிவிடலாம் என்ற குரலும் எழுவதுண்டு. 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மர ஆணையத்தின் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். கிளைகளில் வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி தென்பட்டால் மாநகராட்சியின் தோட்டத் துறைக்கு எழுதுங்கள். அதுவரை, நிறுத்தும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.