வாதரத்தம்: வலி நின்ற பிறகும் தொடர வேண்டிய கவனம்

இரவு நலமாக உறங்கியவர், விடியற்காலையில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கிய நிலையில் விழிக்கிறார். போர்வை பட்டாலும் பொறுக்க முடிவதில்லை. சில நாட்களில் வலி தானாகவே தணிகிறது. நோய் போய்விட்டது என்று எண்ணி மருந்தையும் பத்தியத்தையும் கைவிடுகிறார். எங்கள் பிரிவுக்கு வருவோரில் பலர், இவ்வாறு பலமுறை வலி வந்து போன பின்னரே எங்களை அணுகுகின்றனர்.

ஆயுர்வேதம் இந்நோயை வாதரத்தம் என்று அழைக்கிறது. சரக சம்ஹிதையில் சிகிச்சைப் பகுதியின் 29ஆம் அத்தியாயம் இதனை விரிவாக விளக்குகிறது. உழைப்பின்றிச் செழிப்பாக வாழ்வோரை மிகுதியும் பற்றுவதால் 'ஆட்ய வாதம்' என்ற பெயரும் இதற்கு உண்டு. புளிப்பும் உப்பும் மிகுந்த உணவு, மது, பகலுறக்கம் முதலியவற்றால் கெட்ட ரத்தம் வாதத்தின் வழியை அடைக்கிறது. தடைபட்ட வாதம் ரத்தத்தை மேலும் கெடுக்கிறது. தோலையும் தசையையும் பற்றிய நிலை 'உத்தானம்'. ஆழ்ந்த தாதுக்களைப் பற்றிய நிலை 'கம்பீரம்'. புதிதாகத் தோன்றி, ஒரு தோஷத்தை மட்டும் சார்ந்திருக்கும்போதே இந்நோய் எளிதில் தீரும் என்பது நூலின் கருத்து.

நவீன மருத்துவம் கூறும் 'கவுட்' நோய் இதனுடன் பெரிதும் ஒத்திருந்தாலும், வாதரத்தம் அனைத்தும் கவுட் அல்ல. ஆகவே ரத்தத்தில் யூரிக் அமிலத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பரிசோதிக்கிறோம். வலி கடுமையாக உள்ளபோது யூரிக் அமிலம் இயல்பான அளவில் இருக்கக்கூடும். வலி தணிந்து சில வாரங்களுக்குப் பின் மீண்டும் பார்ப்பது நல்லது. கவுட் உறுதியானவர்களுக்கு இதனை 6 மில்லிகிராமுக்குக் கீழ் வைத்திருப்பதே பொதுவான இலக்கு. அளவு உயர்ந்தே இருந்தால், வலியில்லாத காலத்திலும் மூட்டுகளில் படிகங்கள் சேர்கின்றன.

சிகிச்சையில் சீந்தில் முதலிடம் பெறுகிறது. கைசோர குக்குலு, பிண்ட தைலம், விரேசனம், வஸ்தி ஆகியவை நோயின் நிலைக்கும் நோயாளியின் வலிமைக்கும் ஏற்ப அளிக்கப்படுகின்றன. சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளதால், மருத்துவர் ஆலோசனையின்றி அதனை அருந்த வேண்டாம். சிவந்து சுடும் மூட்டை அழுத்தித் தேய்ப்பதும் ஒத்தடத்தால் சூடேற்றுவதும் கூடா.

"பருப்பே கூடாதா?" என்று குடும்பத்தினர் கேட்கின்றனர். கொள்ளு, உளுந்து, தயிர் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லும் நூல், பாசிப்பயற்றையும் பழைய அரிசியையும் கோதுமையையும் பாலையும் அனுமதிக்கிறது. ஈரல், ஆட்டிறைச்சி, நெத்திலி, மத்தி, மது ஆகியவற்றை விலக்குங்கள். சிறுநீரக, இதய நோய் இல்லாதவர்கள் போதிய நீர் அருந்துங்கள்.

மூன்று செய்திகளை வீட்டார் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

யூரிக் அமிலத்துக்கு ஏற்கெனவே மாத்திரை உட்கொள்பவர் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எங்களிடம் கூறுங்கள்.

வலிநிவாரணி மாத்திரைகளைத் தாமே வாங்கித் தொடர்ந்து உட்கொள்வது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உள்ளடக்கம் குறிப்பிடப்படாத பொடிகளையும் வாங்காதீர்கள்.

காய்ச்சலும் நடுக்கமும் மூட்டு வீக்கத்துடன் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித்தொற்று இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அப்போது காத்திருப்பது மூட்டையே இழக்கச் செய்யும்.