வெள்ளைக் கொடியை நம்பி வந்தவரை கைது செய்த அமெரிக்க ராணுவம்... கடைசி வரை பணியாத செமினோல் மக்களின் கதை!

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வாழும் செமினோல் பழங்குடியினர் தங்களை ‘வெல்லப்படாத மக்கள்’ என்று அழைத்துக் கொள்கிறார்கள். இது சும்மா பெருமைக்காகச் சொல்வது இல்லை. சொந்த மண்ணை விட்டு வெளியேறச் சொன்ன அரசை எதிர்த்து 3 போர்களைச் சந்தித்தவர்கள் இவர்கள். அப்படி என்னதான் நடந்தது?

யார் இந்த செமினோல்கள்?

18-ம் நூற்றாண்டில் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் இருந்து ஃபுளோரிடாவுக்கு நகர்ந்த கிரீக் இன மக்களின் வழிவந்தவர்கள்தான் செமினோல்கள். பண்ணைகளில் இருந்து தப்பி ஓடிவந்த கருப்பின அடிமைகளும் இவர்களுடன் சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்த அடிமைகளைத் திரும்பப் பிடிக்க வேண்டும், நிலமும் வேண்டும். பண்ணை முதலாளிகள் அரசுக்கு நெருக்கடி கொடுக்க இந்த இரண்டும்தான் காரணம்.

1818-ல் ஃபுளோரிடாவுக்குள் படையோடு புகுந்து செமினோல்களைத் தாக்கியவர் ஆண்ட்ரூ ஜாக்சன். அதே ஜாக்சன்தான் பின்னாளில் அதிபராகி, 1830-ல் பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

7 பேர் கையெழுத்து... மொத்த இனமும் வெளியேற வேண்டுமா?

1832-ல் பெய்ன்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. மேற்கில் கொடுக்கப்படும் நிலம் பிடித்திருந்தால், 3 ஆண்டுகளுக்குள் இடம்பெயர வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நிலத்தைப் பார்க்கப் போன 7 தலைவர்களிடம், அங்கேயே 1833-ல் சம்மதக் கையெழுத்து வாங்கப்பட்டது. “எங்களை மிரட்டி வாங்கினார்கள், எல்லோருக்காகவும் முடிவெடுக்கும் அதிகாரமும் எங்களுக்கு இல்லை” என்று ஊர் திரும்பியதும் அவர்கள் மறுத்தார்கள். ஆனால் அரசு காதில் வாங்கவே இல்லை.

ஒரே நாளில் இரண்டு தாக்குதல்

1835 டிசம்பர் 28. மேஜர் பிரான்சிஸ் டேட் தலைமையில் சென்ற 100-க்கும் மேற்பட்ட வீரர்களை செமினோல்கள் மறைந்திருந்து தாக்கினார்கள். உயிர் தப்பியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. அதே நாளில் ஃபோர்ட் கிங் கோட்டை அருகே, வெளியேற்றத்துக்குப் பொறுப்பான அரசு அதிகாரி வைலி தாம்சனை ஓசியோலா கொன்றார். இரண்டாம் செமினோல் போர் வெடித்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உலகம் அறிந்த பெயர் ஓசியோலா என்றாலும், அவர் பரம்பரைத் தலைவர் கிடையாது. தலைமைப் பதவியில் இருந்தவர் மிக்கனோப்பி. பேச்சிலும் போரிலும் காட்டிய துணிச்சலால் முன்னுக்கு வந்தவர் ஓசியோலா.

வெள்ளைக் கொடி துரோகம்

சதுப்பு நிலத்தில் ஒளிந்து தாக்கும் செமினோல்களை ராணுவத்தால் அடக்க முடியவில்லை. 1837 அக்டோபரில் வெள்ளைக் கொடியுடன் பேச்சுவார்த்தைக்கு வந்த ஓசியோலாவை, ஜெனரல் தாமஸ் ஜெசப்பின் உத்தரவுப்படி வீரர்கள் சுற்றி வளைத்துக் கைது செய்தனர். அமெரிக்காவிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது. சில வாரங்களில் மிக்கனோப்பியும் அதே பாணியில் பிடிபட்டார். 1838 ஜனவரி 30-ல் சிறையிலேயே உயிரிழந்தார் ஓசியோலா.

தலைவர்கள் போனால் போர் முடிந்துவிடும் என்பது அரசின் கணக்கு. அது பலிக்கவில்லை. காரணம், வயதான மருத்துவரும் ஆன்மிகத் தலைவருமான அபியாக்கா. பேச்சுவார்த்தை என்ற பேச்சையே நம்பாத அவர், தன் மக்களை எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டுக்குள் கூட்டிச் சென்றார்.

முடிவு என்ன ஆனது?

1842-ல் போர் முடிந்ததாக அரசே அறிவித்துக் கொண்டது. சுமார் 1,500 ராணுவ வீரர்கள் உயிரிழந்திருந்தனர். அதில் பெரும்பாலானோரைக் கொன்றது நோய். செமினோல்கள் கொடுத்த விலையும் பெரியது. ஆயிரக்கணக்கானோர் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 1858-ல் மூன்றாம் போர் முடிந்தபோது ஃபுளோரிடாவில் மிஞ்சியது சில நூறு பேர்தான். அவர்கள் சமாதான ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை.

அந்தச் சில நூறு பேரின் வாரிசுகளைத்தான் 1957-ல் ஃபுளோரிடா செமினோல் பழங்குடி அரசு என்று அமெரிக்கா அங்கீகரித்தது. 2007-ல் உலகப் புகழ்பெற்ற ஹார்டு ராக் ஓட்டல் நிறுவனத்தை விலைக்கு வாங்கியதும் இவர்கள்தான்!