கல்லில் படர்ந்தது செடியல்ல

ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் கருஞ்செடி போலத் தெரிவது புதைபடிவம் அல்ல. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: இலை நரம்பு எதுவும் தெரியாது. விரிசலின் ஓரத்திலிருந்து பரவிய மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளின் படிவு இது. கல்லுக்கு வயது சுமார் 15 கோடி ஆண்டு. பெரணி என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

தாது கரைந்த நீர் கல்லடுக்குகளுக்கு இடையே கசிகிறது. படிவின் விளிம்பில் எங்காவது சிறு முனை துருத்தினால், புதிதாக வரும் துகள்கள் முதலில் அதில்தான் ஒட்டும். முனை நீளும், இரு முனைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்குத் துகள்கள் அதிகம் எட்டா. நீண்ட முனையிலும் கிளை வெடிக்கும். 1981இல் விட்டன், சாண்டர் என்ற இயற்பியலாளர்கள் இத்தகைய வளர்ச்சியைக் கணினியில் உருவாக்கிக் காட்டினர்.

இதேபோலக் கிளைவிடும் இன்னொன்று, சிறுமூளையின் பர்கின்ஜி என்ற நரம்பு செல். 1873இல் இத்தாலியின் கமில்லோ கோல்கி வெளியிட்ட வெள்ளி நைட்ரேட் சாயமுறை, சில செல்களை மட்டும் முழுசாகக் கறுப்பாக்கும். நல்லவேளை! எல்லாமே கறுத்திருந்தால் மை கொட்டிய காகிதம்தான் மிஞ்சியிருக்கும். அதே முறையை மெருகேற்றி ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் வரைந்த படங்கள், நரம்பு செல்கள் தனித்தனியானவை என்று காட்டின. கோல்கி அதை ஏற்கவில்லை. ஆனாலும் 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

கல்லின் கிளைகளுக்குத் திட்டம் கிடையாது. பர்கின்ஜி செல்லின் கிளைகளோ, தம்முள் ஒன்றையொன்று தொட்டால் விலகிக்கொள்ளும். அதற்கான புரதங்களை மரபணுக்கள் தருகின்றன. ஏறக்குறைய ஒரே தளத்தில் தட்டையாக விரியும் இந்தக் கிளைக்கூட்டத்தில், ஒரு செல்லுக்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வந்து சேர்கின்றன.