வழிகாட்டும் அலைகளை அளப்பவர்கள்

கொல்கத்தாவின் நியூ டவுனில் குடியிருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு விமான இரைச்சல் புதிதன்று. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பன்னாட்டு விமான நிலையத்தின் இரு ஓடுபாதைகளும் வடக்குத் தெற்காக அமைந்தவை. தெற்கிலிருந்து இறங்கும் விமானங்கள் இந்நகருக்கு அருகிலேயே தாழ்ந்து செல்கின்றன. அவற்றிடையே எப்போதாவது, இரட்டை எந்திரம் கொண்ட சிறு விமானம் ஒன்று இறங்குவதுபோல் வந்து, இறங்காமலே மேலெழுந்து, மீண்டும் வட்டமிட்டு வருவதுண்டு. பயிற்சி விமானம் என்று பார்ப்பவர் நினைக்கக்கூடும். உண்மையில் அது, பிற விமானங்கள் நம்பிப் பறக்கும் வழியையே சோதிப்பது.

இந்திய விமான நிலைய ஆணையத்தின் பறப்பு ஆய்வுப் பிரிவு இப்பணியை நாடெங்கும் செய்துவருகிறது. டோர்னியர் 228, பீச்கிராஃப்ட் கிங் ஏர் போன்ற சிறு விமானங்களே அதன் ஆய்வுக்கூடங்கள். விமானியறையில் இரு விமானிகள். பின்னால், பயணிகள் அமரும் இடத்தில், அளவைக் கருவிகளுக்கு முன் ஒரு பொறியாளர்.

அவர்கள் அளப்பவற்றுள் தலையாயது ஐ.எல்.எஸ். எனப்படும் தரையிறக்க வழிகாட்டி. ஓடுபாதையருகிலுள்ள கம்பங்கள், 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்னும் இரு குறிகளை வானொலி அலையில் ஏற்றி அனுப்புகின்றன. பாதையின் ஒருபுறம் ஒன்று ஓங்கும், மறுபுறம் மற்றொன்று. இரண்டும் சமமாகும் கோட்டில் விமானியின் ஊசி நடுவில் நிற்கும். இறக்கத்தின் சரிவும் இவ்வாறே, பெரும்பாலும் 3 பாகையில், காட்டப்படுகிறது. மார்கழி, தை மாதங்களின் மூடுபனியில் கொல்கத்தாவை நெருங்கும் விமானிக்கு அந்த ஊசியே கண்.

அந்த ஊசி பொய் சொன்னால்? 2000 ஜூலை 29 அன்று ஏர் நியூசிலாந்தின் போயிங் 767 ஒன்று சமோவாவின் ஆபியாவில் இரவில் இறங்கிக்கொண்டிருந்தது. சரிவு சரியாக இருப்பதாகவே ஊசி காட்டியது. விமானமோ ஓடுபாதைக்கு ஏறத்தாழ 5½ மைல் முன்பாகவே தரையை நெருங்கிவிட்டிருந்தது. தொலைவும் உயரமும் பொருந்தாமையை விமானிகள் கண்டுகொண்டு, சுமார் 400 அடி உயரத்தில் மேலே திருப்பினர். தரைக்கருவி, அதன் பிழையை உணர்த்த வேண்டிய கண்காணிப்பு துண்டிக்கப்பட்ட நிலையில் இயங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, சரியான பாதையில் பறந்து ஊசி நடுவில் நிற்பதைக் காண்பது ஆய்வில் பாதி மட்டுமே. வேண்டுமென்றே தாழ்ந்து பறந்து, 'மேலே வா' என ஊசி உரிய அளவில் விலகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓடுபாதைக்குக் குறுக்கே, 17 கடல் மைல் தொலைவில், வில்போல் வளைந்து பறந்து இருபுறமும் 35 பாகை வரை அலை எட்டுகிறதா என அளக்கிறார்கள். தரையிலுள்ள பொறியாளர் குறியைச் சற்றே பிசகச் செய்வார். எச்சரிக்கை ஒலிக்கும் எல்லையில் பிழை எவ்வளவு என்பதை வானிலுள்ளவர் அளந்து சொல்வார். பிறர் தவிர்க்கும் பிழைகளையெல்லாம் தேடிச் சென்று பறக்கும் தொழில் இது!

இதில் இடரும் உண்டு. பரபரப்பான நிலையங்களில் இச்சிறு விமானம் பெரிய ஜெட் விமானங்களுக்கு இடையே புகுந்து பறக்க நேர்கிறது. 2019 மே 16 அன்று துபாயில் இத்தகைய ஆய்வுப் பணியிலிருந்த டி.ஏ.62 விமானம், முன்சென்ற பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழலில் சிக்கி விழுந்தது; அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர்.

நியூ டவுனில் எழும் அடுக்குமாடிகளுக்கும் இந்த அலைகளுக்கும் தொடர்புண்டு. உயர்ந்த கட்டடமும் பாரந்தூக்கியும் அலையைச் சிதறடிக்கக்கூடும். பறக்கும் பாதைக்குத் தடையாகவும் அமையலாம். அதனால்தான் விமான நிலையத்தின் 20 கிலோமீட்டர் சுற்றளவில் கட்டடங்களின் உயரத்தை 2015ஆம் ஆண்டின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வீட்டுக்கடன் நாடுவோர், கட்டுநரிடம் ஆணையத்தின் உயர அனுமதிச் சான்றைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. அதில் குறித்துள்ள உயரம் தரையிலிருந்து அன்று, கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. மனையின் உயரத்தைக் கழித்த பிறகே எத்தனை மாடிகளுக்கு இடமுண்டு என்பது தெரியும்.