நூற்றுப்பத்து வயதுக்காரர்களின் ரத்தப் பரிசோதனை

110 வயதைத் தொட்டவர்களின் ரத்தத்தில் அப்படி என்னதான் இருக்கும்? ஜப்பானின் கெயோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தேடிப் பார்த்து 2020இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் எழுதினார்கள். 85 வயதும் அதற்கு மேலும் ஆன 1,427 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். அவர்களில் 105 முதல் 109 வயது வரையிலானவர்கள் 572 பேர், 110ஐத் தாண்டியவர்கள் 36 பேர். பிரஷர், சுகர் போன்ற வழக்கமான காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும், இதயத்தையும் சிறுநீரகத்தையும் பற்றிப் பேசும் சில அளவுகள் ஆயுளோடு ஒட்டியே நின்றன.

இதயம் திணறும்போது

அவற்றில் முக்கியமானது 'என்டி-புரோபிஎன்பி'. பாரம் கூடி இதய அறையின் சுவர் விரியும்போது, உப்பையும் நீரையும் வெளியேற்றும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் ஒன்றை இதயம் சுரக்கிறது. அதோடு சேர்ந்து வெளிவரும் துண்டுதான் இது. இது குறைவாக இருந்தவர்களே 110ஐ எட்டும் வாய்ப்பு அதிகம் பெற்றிருந்தார்கள். சிறுநீரகம் தளர்ந்தாலும் இந்த அளவு ஏறும். இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. ஒன்று கெட்டால் மற்றது தப்புவது கடினம்.

அதற்காக நாளைக்கே லேபுக்கு ஓட வேண்டாம். மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ உள்ளவருக்கு இதயச் செயலிழப்பா என்று அறியவே மருத்துவர்கள் இந்தச் சோதனையை எழுதுகிறார்கள். தொந்தரவு எதுவும் இல்லாதவர் ஆயுள் ஜோசியம்போல இதைப் பார்ப்பது வீண் செலவு என்பேன்.

ரத்தத்தில் வேண்டும், சிறுநீரில் கூடாது

அந்த ஆய்வில் எல்லா வயதுப் பிரிவிலும் மரணத்தோடு தொடர்பு காட்டியது ரத்தத்தில் அல்புமின் குறைவது ஒன்றுதான். கல்லீரல் செய்யும் புரதம் இது. சரியாகச் சாப்பிடாவிட்டாலும், நாள்பட்ட அழற்சி இருந்தாலும், கல்லீரல் கெட்டாலும் குறையும். சிறுநீரகச் சல்லடை ஓட்டையாகிவிட்டால் சிறுநீரில் ஒழுகிப் போயும் குறையும். காரணம் தெரியாமல் புரத மாவு டப்பாவை வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது கெடுதலாகவும் முடியலாம்.

ஒழுகல் தொடங்கிவிட்டதா என்பதைச் சிறுநீரின் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் காட்டும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு அல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. கூடினால் சிறுநீரகத்துக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி ஆகியவற்றாலும் தற்காலிகமாக ஏறலாம் என்பதால், ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறாமல் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

கிரியாட்டினின் 1.1: நார்மலா?

ஆளைப் பொறுத்தது. தசையிலிருந்து வரும் இந்தக் கழிவை ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றுவது சிறுநீரகம்தான். 25 வயது இளைஞருக்கு 1.1 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் (இ-ஜிஎஃப்ஆர்) சுமார் 95, கவலையில்லை. அதே 1.1 எழுபது வயது அம்மாவுக்கு வந்தால் வேகம் சுமார் 54தான். மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். லேப் ரிப்போர்ட்டில் 1.1க்குப் பக்கத்தில் பெரும்பாலும் எச்சரிக்கைக் குறி எதுவும் இருக்காது. வலியும் இருக்காது. மெலிந்த முதியவர்களுக்குத் தசை குறைவு என்பதால் கிரியாட்டினின் இன்னும் ஏமாற்றும். சந்தேகம் வந்தால், தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் புரதத்தின் அளவைப் பார்ப்பார்கள்.

கையில் இருப்பது

பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருப்பதே முதல் மருந்து. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சுகரோ பிரஷரோ உள்ளவரா நீங்கள்? அடுத்த முறை மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போது, சிறுநீர் அல்புமின் சோதனையையும் இ-ஜிஎஃப்ஆரையும் சேர்த்து எழுதித் தரக் கேளுங்கள். அளவுகள் சரியாக இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை போதும்.