சென்னையைச் சுற்றியுள்ள சிறு நகரங்கள்

ஒரு சிறு நகரம் செழிப்பதற்கும் நலிவதற்கும் அவ்வூராருடைய உழைப்பு மட்டுமே காரணமன்று. அருகில் ஒரு பெருநகரம் இருக்குமாயின், அதற்கும் இதற்கும் இடையே எத்தகைய பாதை செல்கிறது, அதன் வழியே போவது பெரும்பாலும் ஜனங்களா அல்லது சரக்கா, போய்வர எவ்வளவு நேரமும் பணமும் செலவாகின்றன என்பவையும் காரணமாகும்.

பெருநகருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு ஊர் பெருகும் என்று பலர் எண்ணுவதுண்டு. சென்னையைச் சுற்றியுள்ள மூன்று நகரங்களைப் பார்த்தால் அவ்வெண்ணம் சரியன்று என்பது விளங்கும். செங்கற்பட்டு சென்னையிலிருந்து சுமார் 56 கிலோமீட்டர். அரக்கோணம் சுமார் 69 கிலோமீட்டர். காஞ்சீபுரம் சுமார் 75 கிலோமீட்டர். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி செங்கற்பட்டு நகரில் 62,579 பேரும், அரக்கோணத்தில் 78,395 பேரும், காஞ்சீபுரத்தில் 1,64,384 பேரும் வசித்தனர். மூன்றில் மிக அருகிலிருப்பதே மிகச் சிறியது, தூரத்திலிருப்பதே பெரியது. ஆகவே தூரத்தை மட்டும் அளந்து ஓர் ஊரின் கதியைக் கூறிவிட முடியாது. பாதையின் தன்மையையும் அவ்வூரின் சொந்தத் தொழிலையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

இருப்புப்பாதை வளர்த்த ஊர்

தென்னிந்தியாவில் ஜனங்கள் பிரயாணம் செய்வதற்கான முதல் இருப்புப்பாதை 1856-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் திறக்கப்பட்டது. அரக்கோணம் இப்பாதையின்மேல் உள்ளது. பின்னர் பம்பாய்க்குச் செல்லும் பாதை அங்கிருந்து பிரிந்தது; செங்கற்பட்டிலிருந்து காஞ்சீபுரம் வழியாக வரும் கிளைப்பாதையும் அங்கே வந்து கூடிற்று. ஊர் பெரிய ஜங்ஷனாயிற்று. ரெயில்வே சிப்பந்திகளும் தொழிலாளிகளும் குடியேறினர். அவர்களுக்கு வேண்டிய கடைகளும் பாடசாலைகளும் ஏற்பட்டன. மின்சார ரெயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் பணிமனை அங்கே உண்டு. 1992-ல் கடற்படையின் விமானதளமும் அருகில் ஏற்பட்டது.

இவ்வூரினின்றும் நாள்தோறும் விடியற்காலையில் திரளான ஜனங்கள் ரெயிலேறிச் சென்னைக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். சீசன் டிக்கட்டின் கட்டணம் குறைவு. சென்னை வீட்டு வாடகையோ அதிகம். ஆதலால் சென்னையில் சம்பாதித்து அரக்கோணத்தில் குடியிருப்பது குடும்பத்திற்கு அனுகூலமாகிறது. சம்பளப் பணம் ஊருக்குள் வருகிறது, வீடுகள் கட்டப்படுகின்றன, காய்கறி, பால், பலசரக்கு முதலியவை நன்றாய் விற்பனையாகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சரக்கு வருவதற்குச் சௌகரியமான பாதை, வாங்குவோர் வெளியே போவதற்கும் சௌகரியமானதே. கலியாணத்திற்குப் புடவையும் நகையும் வாங்க வேண்டின் ஜனங்கள் தியாகராய நகருக்குப் போகின்றனர். கடும் நோய்க்கு வைத்தியமும் உயர்ந்த படிப்பும் சென்னையிலேயே தேடப்படுகின்றன. அன்றாடம் வேண்டியவற்றை விற்கும் சிறு கடைகள் உள்ளூரில் பெருகும். எப்போதோ ஒரு முறை வாங்கும் விலையுயர்ந்த பொருள்களின் வியாபாரம் பெருநகரைச் சேரும். பெரிய ஆலமரத்தின் நிழலில் புல் முளைக்கும். மற்றொரு மரம் எளிதில் எழும்பாது.

பெருநகரோடு கலந்த ஊர்

பிரயாண நேரம் இன்னும் குறைந்தால் நேரிடுவதைத் தாம்பரம் காட்டுகிறது. சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931-ல் மின்சார ரெயில் ஓடத் தொடங்கிற்று. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தின் நடுவிலிருந்து தாம்பரத்திற்கு மாற்றப்பட்டது. அடிக்கடி வண்டி கிடைத்ததால் ஜனங்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறினர். வயல்கள் மனைகளாயின. காலக்கிரமத்தில் சென்னை எங்கே முடிகிறது, தாம்பரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் கலந்துவிட்டன. 2021-ல் தாம்பரம் தனி மாநகராட்சியாயிற்று.

இவ்வாறு விரைந்து பெருகும் இடங்களில் முதலில் அழிவன ஏரிகளும் வரத்துக் கால்வாய்களுமாம். நஞ்செய் மனையாய் மாறிய பின்னும் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2015-ம் வருஷம் பெய்த பெருமழையில் அடையாறு பெருக்கெடுத்தபோது, தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் முதலிய தாழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு மனை வாங்குவோர் ரெயில் நிலையத்தின் தூரத்தை விசாரிப்பது போலவே தண்ணீர் செல்லும் வழியையும் விசாரித்தறிய வேண்டும்.

சாலை கொண்டுவந்த தொழில்

ஸ்ரீபெரும்புதூருக்கு ரெயில் கிடையாது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் அவ்வூர் உள்ளது. ஸ்ரீ இராமாநுஜர் அவதரித்த ஸ்தலமென்று மட்டும் நெடுங்காலம் அறியப்பட்ட இவ்வூரைச் சுற்றி, 1990-க்குப் பின் தொழிற்சாலைகள் நெருங்கின. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியின் மோட்டார் கார்கள் 1998 முதல் உற்பத்தியாகி வருகின்றன. துறைமுகமும் விமான நிலையமும் எட்டும் தூரத்தில் உள்ளன. நிலமோ பட்டணத்திலிருப்பதைவிட மலிவாய்க் கிடைத்தது. லாரி எந்த நேரத்திலும் தொழிற்சாலையின் வாசலுக்கே வந்து சேரும். இம்மூன்றும் கூடியமையால் தொழில்கள் பட்டணத்தை விட்டுச் சாலையோரத்தை நாடின.

ரெயில் ஜனங்களைப் பட்டணத்திற்குக் கொண்டுசென்றது. சாலை தொழிலைப் பட்டணத்தினின்றும் வெளியே கொண்டுவந்தது. ஆனால் வெளியிலிருந்து வந்த தொழில் வெளியே போகவும் கூடும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கப்பெற்ற நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது; ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தனர். பின்னர் அவ்விடம் வேறொரு கம்பெனியின் கைக்கு வந்து 2020-ல் மீண்டும் வேலை நடக்கலாயிற்று எனினும், இடைக்காலத்தில் பட்ட கஷ்டம் பட்டதே. ஒரே தொழிற்சாலையின் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குவோர் இதை மனத்தில் கொள்வது நலம்.

சொந்தத் தொழிலால் நிற்கும் ஊர்

காஞ்சீபுரத்தின் நிலைமை வேறு. பெங்களூர்ப் பெருஞ்சாலை நகருக்குள் நுழையாமல் சில கிலோமீட்டர் விலகிச் செல்கிறது. ரெயிலோ செங்கற்பட்டைச் சுற்றி வரும் கிளைப்பாதை. பிரயாணச் சௌகரியத்தை மட்டும் பார்த்தால் இந்நகரம் பின்தங்கியிருக்க வேண்டும். அவ்வாறு ஆகாமைக்குக் காரணம் கோயில்களும் பட்டு நெசவுமே. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இவை எடையில் குறைந்தவை, விலையில் மிகுந்தவை. ஆகையால் வண்டிக்கூலி ஒரு பெரிய பாரமன்று. தறியும் கைத்திறமையும் ஊரிலேயே தங்கியுள்ளன. பெருநகரம் இந்நகருக்குப் போட்டியாக நிற்பதைவிட, இதன் சரக்கை வாங்கும் சந்தையாகவே பெரிதும் நிற்கிறது.

எனினும் இங்கும் கவலைக்கு இடமுண்டு. தொழிற்சாலைகளின் பஸ்கள் காஞ்சீபுரத்துத் தெருக்களுக்கே வந்து வாலிபர்களை ஏற்றிச் செல்கின்றன. மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளத்தைக் கண்டு தறியை விட்டுச் செல்லும் நெசவாளர் மக்கள் பலர். அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. புடவை விலையில் நெய்தவனுக்குச் சேரும் பங்கு போதுமானதாயிருந்தாலன்றி அவன் மகன் தறியில் உட்காரமாட்டான். இங்கேதான் கூட்டுறவின் உபயோகம் விளங்குகிறது. நெசவாளர் சங்கங்கள் நூலும் சரிகையும் வாங்கிக் கொடுத்து, கூலி தந்து, புடவையைத் தாமே விற்கின்றன. 1935-ல் சென்னையில் ஏற்பட்ட மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குகிறது. சங்கம் நேர்மையாய் நடக்கும் இடத்தில் பெருநகர் கொடுக்கும் விலையில் அதிகமான பாகம் நெசவாளனுடைய வீட்டை அடையும்.

செங்கற்பட்டோ இருப்புப்பாதையும் தெற்கே செல்லும் பெருஞ்சாலையும் கூடும் இடம். 1965-ல் ஏற்பட்ட மருத்துவக் கல்லூரியும், 2019-ல் தனி ஜில்லாவின் தலைநகரானமையால் வந்த கச்சேரிகளும் அதற்கு ஆதாரம். தென் ஜில்லாக்களுக்குச் செல்லும் பஸ்களுக்காக 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் நிலையம் திறக்கப்பட்டதால், பட்டணத்தின் வாசற்படியே செங்கற்பட்டை நோக்கி நகர்ந்துள்ளது. தாம்பரத்திற்கு நேர்ந்தது இனி இவ்வூருக்கும் நேரலாம். கொளவாய் ஏரி முதலிய நீர்நிலைகளைக் காப்பதற்குரிய காலம் மனைகள் பெருகுமுன்னரே தவிர, பெருகிய பின்னரன்று.

கிராமங்கள் செய்யத்தக்கவை

சிறு நகரங்களைச் சூழ்ந்த கிராமங்களுக்கும் இது பொருந்தும். 1996-ல் கோயம்பேடு மார்க்கெட்டு திறந்த பின், காய்கறியின் விலையை நிர்ணயிப்பதில் அதற்கே முதலிடம். ஒரு விவசாயி இரண்டு கூடை கத்தரிக்காயைத் தனியே அனுப்பினால் வண்டிக்கூலி, இறக்குகூலி, தரகு ஆகியவை போக அவன் கைக்கு மிஞ்சுவது சொற்பம். இருபது பேர் சேர்ந்து ஒரு லாரி அமர்த்தினால் செலவு பங்கிடப்படும். விலையை விசாரித்துப் பேசவும் ஒருவனை அனுப்பலாம். பால் சங்கங்கள் நாள்தோறும் செய்வது இதுவே. பாலைச் சோதித்து, அளந்து, ஒன்றாகச் சேர்த்துக் குளிரூட்டிப் பட்டணத்திற்கு அனுப்புகின்றன.

சென்னையில் சம்பாதித்து வருவோரும் தங்கள் சேமிப்பின் ஒரு பகுதியை உள்ளூர்ச் சங்கத்தில் வைப்பாராயின், அப்பணம் உள்ளூர்த் தொழிலுக்கும் பயிருக்கும் கடனாய் உதவும். பட்டணத்திலிருந்து வந்த பணம் ஓர் இரவு தங்கி மறுநாள் திரும்பிப் போகாமல் ஊரிலேயே சிலகாலம் சுற்றிவரும்.

1904-ம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டம் வந்தவுடன், அக்காலச் சென்னை மாகாணத்தில் முதன்முதலாகப் பதிவான கிராம நாணய சங்கம் திருவள்ளூரை அடுத்த திரூரில் ஏற்பட்டது. அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதை அதற்கு முன்பே ஏறக்குறைய ஐம்பது வருஷமாய் அப்பக்கத்தில் இருந்து வந்தது. பாதை மட்டும் போதுமாயிருந்தால் அக்கிராமத்தார்க்குச் சங்கம் வேண்டியிராது. பாதையைப் போடுவது சர்க்கார். அதன் வழியே வரும் நன்மையை ஊரில் நிறுத்திக்கொள்வது ஊராரின் ஒற்றுமையே.