ஒரு டப்பா தண்ணீரில் வெயிலை அளப்போம்

மாணவர்களே, கோடை நண்பகலில் மொட்டை மாடியில் வெறுங்காலுடன் நடந்திருக்கிறீர்களா? நான்கு அடி வைப்பதற்குள் நிழலைத் தேடி ஓடியிருப்பீர்கள். "என்ன வெயில், என்ன வெயில்!" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். ஆனால் எவ்வளவு வெயில்? மின்விளக்குக்கு இத்தனை வாட் என்று சொல்வதுபோல வெயிலுக்கும் வாட் கணக்குச் சொல்ல முடியுமா?

முடியும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு டப்பா, கொஞ்சம் தண்ணீர், ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம் போதும். பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பூயே 1838-ஆம் ஆண்டில் ஏறக்குறைய இப்படித்தான் அளந்தார். கருப்புப் பூசிய தட்டையான கலத்தில் நீரை நிரப்பி, அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று குறித்துக்கொண்டார்.

சென்ற கோடையில் ஒரு மாணவர் முகாமில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுடன் இச்சோதனையைச் செய்தேன். நீங்களும் செய்யலாம்.

14 சென்டிமீட்டர் விட்டமுள்ள, தட்டையான அடியுள்ள வட்டத் தகர டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறத்தில் கரும்பலகைக்கு அடிக்கும் கருப்பு வண்ணத்தைப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். அடியிலும் சுற்றிலும் தெர்மோகோல் வைத்துக் கட்டுங்கள். 300 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றினால் சுமார் இரண்டு சென்டிமீட்டர் ஆழம் நிற்கும். நண்பகலில், மேகம் இல்லாத நேரத்தில், டப்பாவைச் சமதரையில் வையுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து நம் தமிழ்நாட்டில் உச்சி வெயில் ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே விழுவதால் டப்பாவைச் சாய்க்க வேண்டியதில்லை. நீரைக் கலக்கிவிட்டு வெப்பநிலையைக் குறியுங்கள். சரியாகப் பத்து நிமிடம் கழித்து மறுபடி கலக்கிக் குறியுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள்.

எங்கள் டப்பாவில் பத்து நிமிடத்தில் 5 டிகிரி செல்சியஸ் ஏறியது. இனிக் கணக்குப் போடுவோம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் ஆற்றல் வேண்டும். ஆகவே 300 × 4.2 × 5 = 6300 ஜூல். பத்து நிமிடம் என்பது 600 விநாடி. 6300-ஐ 600-ஆல் வகுத்தால் விநாடிக்கு 10.5 ஜூல், அதாவது 10.5 வாட். டப்பாவின் வாய்ப் பரப்பு 22/7 × 7 × 7 = 154 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 680 வாட்.

தெளிவான நண்பகலில் தரைக்கு வரும் வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு மாணவன் மெதுவாக என்னிடம் வந்தான்.

"சார், எங்களுக்குத் தப்பாக வந்துவிட்டது."

அவன் நோட்டைப் பார்த்தேன். 5 டிகிரி என்று எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு 7 என்று எழுதியிருந்தான். விடையும் 950-க்கு மேல் அழகாக வந்திருந்தது!

எனக்குக் கோபம் வரவில்லை. என் கல்லூரி நாட்கள்தாம் நினைவுக்கு வந்தன. ஊசல் சோதனையில் வராத 980-ஐ வரவழைத்து மதிப்பெண் வாங்கியவன் நானும்தான். என் ஊசலில் என்ன குறை இருந்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அழித்த எண்ணோடு அதுவும் போய்விட்டது.

"தம்பி, வெப்பமானி பொய் சொல்லவில்லை. நீரில் தங்கிய வெப்பம் அவ்வளவுதான். மிச்சம் எங்கே போனது? அதைக் கண்டுபிடிப்போம்" என்றேன்.

பிள்ளைகள் யோசித்தார்கள். "தண்ணீர் ஆவியாகிறது, சார்" என்றாள் ஒரு மாணவி. மண்பானை நீர் குளிர்வது எதனால்? ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்வதால்தானே! "காற்றும் அடிக்கிறது" என்றான் மற்றொருவன்.

மறுநாள் இரண்டு மாற்றங்கள் செய்தோம். பழைய படச் சட்டத்தின் கண்ணாடியை, ஓரங்களில் டேப் ஒட்டி, டப்பாவின் மேல் மூடினோம். ஆவியும் காற்றும் தடைப்பட்டன. இரண்டாவது ஒரு தந்திரம். அன்று நிழலில் காற்றின் வெப்பநிலை 35 டிகிரி. பானை நீரைக் கலந்து, 32 டிகிரியில் சோதனையைத் தொடங்கினோம். முதல் பாதியில் நீர் காற்றைவிடக் குளிர்ச்சி. ஆகவே சுற்றுப்புறத்திலிருந்து சிறிது வெப்பம் பெறும். பின் பாதியில் காற்றைவிடச் சூடு. ஆகவே சிறிது வெப்பத்தை இழக்கும். வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிடும்!

இம்முறை நீர் 38 டிகிரிக்கு ஏறியது. 6 டிகிரி உயர்வு. கணக்கிட்டால் சுமார் 820 வாட். விழும் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அதையும் சேர்த்தால் 900-ஐத் தாண்டுகிறது. டப்பாவின் தகரமும் சிறிது வெப்பத்தைக் குடித்திருக்கும். வானில் தூசியும் நீராவியும் இருக்கும் நாளில் 1000-க்குச் சற்றுக் குறைந்தால் வியப்பில்லை. எண்ணைத் திருத்தாமலே புத்தகத்தின் அருகே வந்துவிட்டோம்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? காணாமற்போன வெப்பத்தைத் தேடிய பிள்ளைகள், தாம் அறியாமலே ஒரு சூரிய வெந்நீர்க் கலத்தைச் செய்துவிட்டார்கள். கருப்புப் பரப்பு, மேலே கண்ணாடி, சுற்றிலும் வெப்பம் கடத்தாப் பொருள்: வீட்டு மாடிகளில் காணும் தட்டைப் பலகை வெந்நீர்ச் சாதனத்தில் இருப்பவையும் இவைதாம்.

மின்சாரம் தரும் சூரியப் பலகைகளுக்கும் நம் எண்ணோடு உறவு உண்டு. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை வைத்தே அவற்றுக்கு வாட் மதிப்பு இடுகிறார்கள். இன்றைய நல்ல பலகைகள் ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகின்றன. உங்கள் மாடியில் பத்து சதுர மீட்டர் பலகை வைத்தால் நண்பகலில் எத்தனை வாட் கிடைக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்.

பூயேயின் கதையை முடிக்கவில்லையே! காற்று மண்டலம் தடுப்பதையும் கணக்கில் சேர்த்து, அதற்கு மேலே சூரிய ஆற்றல் எவ்வளவு என்று அவர் மதிப்பிட்டார். இன்றைய அலகில் அது சுமார் 1230 வாட். செயற்கைக்கோள்கள் அளந்து சொல்வது சுமார் 1361 வாட். ஒரு கலம் நீரை வைத்துக்கொண்டு, பத்து சதவீத அளவே குறைவாகச் சொல்லிவிட்டார். தமக்குக் கிடைத்த எண்ணை அப்படியே எழுதிவைத்ததால்தான், பின்வந்தவர்கள் அதைத் திருத்த முடிந்தது.

அந்த மாணவனும் 7-ஐ அடித்துவிட்டு 5 என்று மறுபடி எழுதினான். பக்கத்திலேயே, "மூடாத டப்பா, காற்று அடித்தது" என்று குறிப்பும் சேர்த்தான்.

அடுத்த தெளிந்த நாளில் நீங்களும் தொடங்குங்கள். காலை 9 மணிக்கு ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை அளந்து, ஏன் வேறுபடுகிறது என்று யோசியுங்கள். எது வந்தாலும் எழுதிவையுங்கள். நோட்டும் பேனாவும் போதும், ரப்பர் வேண்டாம்!